ஓரறிவுயிரின் விழிப்பும் இல்லறத்தார் கடமையும்

சமண அறத்தின் அடித்தளம் கொல்லாமை. அவ்வறத்தை நமக்கு அருளிய ஆகமங்கள், உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டு ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை வகுத்துக் காட்டின. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்டவை ஓரறிவுயிர்கள். அவற்றிற்கு ஊறு எனப்படும் தொடுபுலன் ஒன்றே உண்டு. காளானும் பூசணமும் தாவர உடல் கொண்ட உயிர்களோடு சேர்த்து எண்ணப்பட்டன. அவற்றுள்ளும், எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழும் வகையில் அவை வைக்கப்பட்டன. இவற்றையெல்லாம் நாம் இளமையிலேயே பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். கேட்டதை உண்மையாகவே நம்புகிறோமா என்பது வேறு வினா. மழைக்காலச் சுவரில் படர்ந்த கரும்பூசணத்தைத் துடைக்கும்போது, அங்கே அறிவுடைய ஓர் உயிர் இருக்கிறது என்னும் நினைவு நம்மில் எத்தனை பேருக்கு எழுகிறது?

ஆகமம் சொன்னதால் மட்டும் நம்பியிருந்த இச்செய்தியை இன்று அறிவியல் வேறொரு வாயிலிலிருந்து நம்முன் கொண்டுவந்து வைத்திருக்கிறது. பூஞ்சைகளின் மரபணுக்களை ஆராய்ந்தோர், அவை தம்மைச் சூழ்ந்த ஒளி, வெப்பம், உப்பு, உணவு, தொடுகை ஆகியவற்றை உணர்ந்து, அவ்வுணர்வைச் செல்லின் உட்புறத்திற்குக் கொண்டு செல்லும் புரதங்களைக் கண்டறிந்துள்ளனர். இதனைச் செல் சமிக்ஞை என்பர். வாயிற்காவலர் கண்ட செய்தி ஆள்மாற்றி ஆள்மாற்றி அரசனிடம் சென்று சேர்வது போல, செல்லின் புறச்சுவரில் உள்ள ஏற்பி கண்ட குறிப்பு ஒரு புரதத்திலிருந்து மற்றொரு புரதத்திற்குத் தாவி, இறுதியில் மரபணுக்களைச் சென்றடைகிறது. அதன்பின் உரிய மரபணுக்கள் விழிக்கின்றன, ஏனையவை உறங்குகின்றன. பூஞ்சை இவ்வாறு தன் சூழலை அறியுமானால் அதன்பால் நம் கடமை யாது? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா இதுவே.

நால்வகை வேட்கைகள்

ஓரறிவுயிர் முதலாக எல்லா உயிர்களுக்கும் உணவு, அச்சம், இணைவு, சேர்த்துவைத்தல் என்னும் நான்கு வேட்கைகள் உண்டென்பது சமணக் கொள்கை. ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என அவற்றைக் கூறுவர். பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வுகளை இந்நான்கின் வரிசையில் வைத்துப் பார்ப்போம்.

ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சை, சர்க்கரை கிட்டியவுடன் அதனை உணர்ந்து, தன் செல்லுக்குள் ஒரு சிறு தூதுப் பொருளைப் பெருக்கி விரைந்து வளரத் தொடங்குகிறது. உணவு குறையும்போது அத்தூது அடங்குகிறது. அப்போது அது வளர்ச்சியைக் குறைத்து, கிளைக்கோஜன் முதலிய சர்க்கரைப் பொருள்களைத் தன்னுள் சேமிக்கிறது. உணவும் சேமிப்பும் ஆகிய இரண்டு வேட்கைகள் இவ்வொரு பாதையிலேயே காணக் கிடைக்கின்றன.

உப்பு மிகுந்த இடத்தில் ஈஸ்ட் அகப்பட்டால் அதன் உடல்நீர் வெளியேறத் தொடங்கும். அந்நெருக்கடியை அறிவிக்கும் ஹாக்-1 என்னும் மரபணு 1993-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அது விழித்தவுடன் செல் கிளிசராலைச் சுரந்து உள்ளே நிறைத்துக்கொண்டு, வறட்சியைத் தாங்கி நிற்கிறது. நம் ஊறுகாய் ஜாடியில் ஒவ்வோர் ஆண்டும் நிகழ்கின்ற போராட்டம் இது. இதனை அச்சம் என்று பெயரிட அறிவியலார் தயங்கலாம். ஆயினும் ஆபத்தை உணர்ந்து தற்காத்துக்கொள்ளும் செயல் இது என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை.

இணைவைப் பொறுத்தவரை, ஈஸ்ட் இருவகையாக இருந்து, ஒன்றையொன்று மணம் போன்ற ஒரு பொருளால் அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்கும் ஏற்பியும், நம் மூக்கில் மணத்தை அறியும் ஏற்பிகளும், நம் கண்ணில் ஒளியை அறியும் புரதமும் ஒரே பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. இட்லிப் பானையில் உள்ள ஓர் அணுவுயிர்க்கும் நமக்கும் இத்துணை நெருங்கிய உறவா என வியக்கத் தோன்றுகிறது.

ஒளியை அறிதலோ இன்னும் வியப்புக்குரியது. 1969-இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் டெல்புரூக் என்னும் அறிஞர், தம் பிற்கால ஆய்வுகளுக்கு ஃபைகோமைசிஸ் என்னும் பூஞ்சையைத் தேர்ந்துகொண்டார். அதன் நீண்ட காம்பு, விண்மீன் அளவு மங்கிய ஒளி முதல் நண்பகல் வெயில் வரை உணர்ந்து ஒளியை நோக்கி வளைகிறது. அருகில் ஒரு தடுப்பை வைத்தால், அதனைத் தொடுவதற்கு முன்பே விலகி வளர்கிறது. ரொட்டியில் ஆரஞ்சு நிறமாகப் படரும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையில், நீல ஒளியை ஏற்பது 'வொயிட் காலர்-1' என்னும் புரதம் என்று 2002-இல் உறுதி செய்யப்பட்டது. 2006-இல் ஃபைகோமைசிஸிலும் அதனை ஒத்த மரபணு கண்டறியப்பட்டது.

இரு மறுப்புகள்

இங்கே இரு திசைகளிலிருந்து இரு மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது: பூஞ்சை ஒளியையும் மணத்தையும் அறியுமானால் அதனை ஓரறிவுயிர் என்ற ஆகமக் கூற்று பொய்த்துவிடாதா? இதற்கு விடையாக, நீல ஒளி பூஞ்சைப் புரதத்தில் நேரே பட்டு அதன் வடிவை மாற்றுகிறது, மணப்பொருள் ஏற்பியில் நேரே ஒட்டுகிறது, ஆதலின் அனைத்தும் ஊறு என்னும் தொடுபுலனில் அடங்கும் என்று கூற இடமுண்டு. உருவத்தைக் காட்டும் கண் பூஞ்சைக்கு இல்லை என்பதும் மெய்யே. ஆயினும், 'பார்த்தீர்களா, எம் ஆசாரியர் அன்றே சொன்னார்' என்று கைகொட்டி மகிழ்வதை நாம் விரும்பவில்லை. அறிவியல் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே செல்லும் இயல்புடையது. 1969-இல் விட்டேக்கர் என்பார் பூஞ்சைகளைத் தாவரங்களினின்றும் பிரித்துத் தனிப் பேரினமாக வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அவை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவினர் என்று காட்டின. இன்றைய ஆய்வின் மீது விரதத்தை நிறுத்தினால், நாளை அது திருத்தப்படும்போது விரதமும் ஆடும். ஆசாரியர்கள் உயிர்களை எண்ணி வகுத்தது ஆய்வுக்கூடத்திற்காக அன்று. நம் கையை அடக்குவதற்காக. நயங்கள் பலவென்று கற்பித்த அநேகாந்தத்தின் மக்களாகிய நாம், இரு பார்வைகளையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுதலே முறை.

இரண்டாவது மறுப்பு இதற்கு எதிரானது: இவையெல்லாம் வெறும் வேதிவினைகள், சூடு ஏறியதும் தானே அணையும் மின் இஸ்திரிப்பெட்டி போன்ற பொறிகள், பொறிக்கு வலி ஏது, அதனை அழிப்பதில் பாவம் ஏது? இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பூஞ்சை எதிர்வினை ஆற்றுகிறது என்பதைத்தான் அறிவியல் காட்டியது. அது துய்க்கிறது, துன்புறுகிறது என்று காட்டவில்லை. மரபணுவும் புரதமும் சமண நோக்கில் புத்கலமே, அதாவது சடப்பொருளே. அவை கருவி, அறிபவன் அல்ல. ஆனால் கருவியை மட்டும் கண்டவர், கருவியை உடையவன் இல்லையென்று எவ்வாறு கூற முடியும்? மற்றொரு மனிதனின் வலியைக்கூட நாம் முகக்குறிப்பாலும் குரலாலும் ஊகித்தே அறிகிறோம். வகுப்பில் ஒரு குழந்தை தலை வலிக்கிறது என்று சொன்னால், அது மெய்யா நடிப்பா என்பது ஆசிரியருக்கு உறுதியாகத் தெரியாது. நல்லாசிரியர் ஐயத்தின் பயனைக் குழந்தைக்கே அளிப்பார். பேச வாயில்லாத உயிருக்கும் அதே ஐயத்தின் பயனை அளிப்பதுதான் ஜீவதயை என்பது நம் கருத்து.

குறிப்பைத் தருபவர் யார்?

இதுவரை கூறியவற்றால் பெறப்படும் நடைமுறைப் பயன் ஒன்றுண்டு. பூஞ்சையின் வித்துத்துகள்கள் காற்றில் எங்கும் உள்ளன. நம் கூடத்திலும் சமையலறையிலும் ஆலய மண்டபத்திலும் அவை உறங்கிக் கிடக்கின்றன. ஈரம், வெப்பம், உணவு என்னும் குறிப்புகள் கிட்டும்போதுதான் அவற்றின் மரபணுக்கள் விழிக்கின்றன. அக்குறிப்புகளுள் பலவற்றை அளிப்பவர் நாமே. கழுவிய பாத்திரத்தை ஈரத்துடன் கவிழ்ப்பதும், மிஞ்சிய சோற்றை மறந்து வைப்பதும், ஒழுகும் குழாயைச் செப்பனிடாமல் விடுவதும் அவ்வுயிர்களுக்கு நாம் விடுக்கும் அழைப்பே ஆகும். முதலில் அழைத்து, வந்தபின் கொல்லுகிறோம். கொலை துடைக்கும்போது நிகழ்ந்தாலும், அதன் வேர் அழைத்த நாளிலேயே ஊன்றிவிட்டது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைத்தலையே குறிக்கிறது. ஆதலின் கொல்லாமையின் பெரும்பகுதி கவனமே. நம் முன்னோர் மாவிற்கு விதித்த கால எல்லையை நோக்குங்கள். மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்பது மரபு. நாள்காட்டியைப் பார்த்து மட்டும் வகுத்த கணக்கு அன்று இது. காற்றின் ஈரத்தைப் பார்த்து வகுத்தது. வற்றலையும் வடகத்தையும் காயவைத்தல், தானியத்தை உலர்த்திப் பத்தாயத்தில் இடுதல், இருள் கவிழுமுன் உண்டு பாத்திரம் துலக்குதல் ஆகியவை அனைத்தும் குறிப்பைத் தராமல் இருக்கும் கலையே. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாமல் சேமித்தால் பூசணம் பெரும்பாலும் தலைகாட்டாது என்பர் வேளாண் அறிஞர். வேர்க்கடலை ஈரத்தோடு அடைபட்டால் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை அதில் அஃப்லாடாக்சின் நஞ்சைச் சேர்க்கிறது. அவ்வினத்துப் பூஞ்சைகளில் ஒளியின் குறிப்பையும் நஞ்சு உண்டாக்குதலையும் இணைக்கும் புரதக் கூட்டம் ஒன்று 2008-இல் விளக்கப்பட்டது. இருண்ட, ஈரமான, காற்றோட்டமற்ற அறையைத் திறந்து வெயில் பட வைக்கும் இல்லத்தரசி, தான் அறியாமலே அறிவியலோடும் அறத்தோடும் ஒருங்கே நிற்கிறாள்.

நாம் வாழும் சிட்லபாக்கம் ஏரியை அடுத்த தாழ்ந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர்கள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற்குப்பின் இப்பகுதி இல்லங்களில் அலமாரிகளும் நூல்களும் பூசணம் பூத்துக் கிடந்தன. பிளீச்சிங் பொடியும் மருந்தும் தெளிப்பதன்றி அன்று வேறு வழியில்லை. ஆனால் மழைநீர் வடிகாலைத் தூர்வாருதல், ஏரியின் போக்குக் கால்வாயை அடைக்காதிருத்தல், மாடித்தளத்தின் விரிசலைக் கோடையிலேயே பூசுதல் ஆகியவையும் அகிம்சையின் பகுதியே என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜீவதயை உண்டியலில் காசு இடுவதோடு முடிந்துவிடுவதில்லை.

அழைக்காதிருத்தலும் ஓர் உயிரின் பிறப்பைத் தடுப்பதாகாதா என்று வினவலாம். உறங்கும் வித்து உறங்கியே இருப்பதால் அதற்கு ஊறு இல்லை. வராத விருந்தினரை நாம் துன்புறுத்துவதில்லை. அழைத்துவிட்டு அடிப்பதே தீது. வெயிலில் உலர்த்தும்போதும் சில உயிர்கள் மடியும் என்பதை மறுக்க இயலாது. இல்லறத்தார்க்கு முழுத் தூய்மை விதிக்கப்படவில்லை, குறைத்தலே விதிக்கப்பட்டது. மாவைப் புளிக்கவைப்பதில் நாமே வேண்டி நுண்ணுயிர்களை வளர்க்கிறோம் என்பதையும் நேர்மையோடு ஏற்க வேண்டும். அன்றன்றைக்கு வேண்டிய அளவே அரைத்தலும், பர்வ நாட்களில் புளித்தவற்றை விலக்குதலும் அவ்வேற்பின் அடையாளங்களாக அமையட்டும்.

கழனியில்

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர் குடியினர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நம் உறவினர் இன்றும் நெல் விளைவிக்கின்றனர். அவர்கள் முன் நிற்கும் அறச்சிக்கல் நகரவாசிகளின் சிக்கலினும் கடியது. நெற்பயிரைத் தாக்கும் குலைநோய் ஒரு பூஞ்சையின் செயல். 1919-இல் தஞ்சைக் கழனிகளில் இந்நோய் பேரழிவு விளைத்தது.

அப்பூஞ்சையின் வித்துத்துகள் பனித்துளியோடு இலைமேல் விழுந்ததும் ஒரு சிறு குழாயை நீட்டி இலையைத் தொட்டுப் பார்க்கிறது. பரப்பு கடினமானதா, மெழுகு பூசியதா என்று தொட்டே தெளிகிறது. தெளிந்தபின் பி.எம்.கே-1 என்னும் மரபணுவின் வழியாகச் செய்தி செல்ல, குழாயின் நுனி ஒரு குமிழாகப் பருக்கிறது. அம்மரபணு நீக்கப்பட்ட பூஞ்சையால் குமிழை அமைக்க இயலவில்லை என்று 1996-இல் காட்டப்பட்டது. குமிழினுள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு. அவ்வழுத்தத்தால் அது இலையின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. தன்னிடமிருந்த அனைத்தையும் குமிழுக்கு அளித்துவிட்டு, முதலில் வந்த வித்துத்துகள் மடிகிறது. தொடுபுலன் ஒன்றையே கொண்டது என நாம் எளிதாகக் கருதும் உயிர், அந்த ஒன்றைக் கொண்டு இத்துணையும் செய்கிறது.

உழவர் என் செய்வர்? பயிரைக் காத்தல் அவர் தொழிற்கடன். இங்கும் குறிப்பைக் குறைத்தலே முதல் நெறி. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் குலைநோய் பெருகும் என்பது தெளிவாக அறியப்பட்டது. பேராசையால் இட்ட உரம், பின்னர்த் தெளிக்கும் மருந்துக்குத் தாயாகிறது. நோயைத் தாங்கும் நெல்லைத் தேர்தல் இரண்டாம் நெறி. கோவை நெல் ஆய்வு நிலையத்தார் நோய் தாங்கும் கோ 4 நெல்லைப் பிற நெல்லோடு கலந்து கோ 25 முதலிய வகைகளை உருவாக்கினர். மருந்து கடைசியில் வரவேண்டும். மருந்துகளுள்ளும் டிரைசைக்ளசோல் போன்றவை பூஞ்சையின் வளர்ச்சியைப் பெரிதும் தாக்காமல், குமிழின் சுவரை வலுவிழக்கச் செய்து, அது இலையைத் துளைப்பதையே தடுக்கின்றன. மருந்தைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. அழித்தலுக்கும் தடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு வேதியியலிலும் உண்டு என்று காட்டவே இதனைக் குறித்தோம்.

மருத்துவமனையில்

இனி எல்லாவற்றினும் கடிய இடத்திற்கு வருவோம். சிட்லபாக்கத்திற்கு அணித்தே தாம்பரம் சானடோரியம் உள்ளது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்களுக்காக நிறுவி, 1937-இல் அரசு ஏற்ற மருத்துவமனை அது. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளர் பல்லாயிரவர்க்குப் புகலிடமாயிற்று. உடலின் காப்பாற்றல் குன்றிய இத்தகையோரைத் தாக்கும் பூஞ்சைகளுள் கொடியது கிரிப்டோகாக்கஸ். உலர்ந்த புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் அது, மூச்சின் வழியே புகுந்து மூளைச் சவ்வைப் பற்றுகிறது. மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் அது பிழைத்திருக்கக் கால்சினியூரின் என்னும் சமிக்ஞைப் புரதம் இன்றியமையாதது என்று 1997-இல் அறியப்பட்டது. அப்புரதம் இல்லையெனில் அது குளிர்ந்த இடத்தில் வாழும்; நம் உடலில் வாழாது.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2021-ஆம் ஆண்டில், கருப்புப் பூஞ்சை நோய் இந்தியாவில் 45,000-க்கு மேற்பட்டோரைப் பற்றியது. அந்நாட்களுக்குப்பின் நடந்த ஒரு சுவாத்தியாயக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து வினவினார்: "அம்மா, என் மகனுக்கு நாள் தவறாமல் பூஞ்சைக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். அவன் பிழைத்தான். அவனுக்காக மடிந்த கோடி உயிர்களின் வினை யாரைச் சேரும்? அவனையா, என்னையா?" அவையில் சிலர் புன்னகைத்தனர். நமக்குப் புன்னகை வரவில்லை. அறத்தை உண்மையாக ஏற்ற நெஞ்சில் அன்றி இவ்வினா எழாது.

நம் நூல்கள் இம்சையை நால்வகையாகப் பிரிக்கின்றன. வேண்டுமென்றே கொல்லுதல், இல்லப் பணியில் நிகழ்தல், தொழிலில் நிகழ்தல், தற்காப்பில் நிகழ்தல் என்பன அவை. இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டியது முதல் வகை. மகனைக் காக்க மருந்து அளித்தது தற்காப்பின்பாற்படும். மனமும் ஐம்புலனும் உடைய ஓருயிர், தவம் செய்யவும் வினையறுக்கவும் வல்ல மனிதப் பிறவியில் நின்று மடிவதைக் கண்டும் வாளா இருத்தல் தயையாகாது. ஆகவே, "மருந்து அளித்தது கடமை, அளிக்காதிருந்தால் அதுவே குற்றம்" என்றோம். ஆனால் "அது ஒன்றுமே இல்லை, மறந்துவிடுங்கள்" என்று கூறவில்லை. கடமையாயினும் இம்சை இம்சையே. அதனை நினைந்து பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களிடம் பொறுத்தருள வேண்டுவது அத்தாயின் நெஞ்சைப் புண்படுத்தாது, தூய்மையே செய்யும்.

அதனோடு இன்னொன்றும் கூறினோம். கட்டுப்படாத சர்க்கரை நோயும், அளவு மீறிய ஸ்டீராய்டு மருந்தும் கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டன என்பது மருத்துவர் கண்டது. சர்க்கரையை அளவில் வைத்தல் நம் உடல்நலத்திற்கு மட்டும் அன்று. கொல்ல நேராமல் காத்துக்கொள்ளும் அறமுமாகும். புறாக்களுக்குத் தானியமிடும் அன்பர்கள், எச்சம் குவியாமல் நனைத்து அகற்றுவதையும், நோயாளர் இல்லத்தருகே இடாதிருப்பதையும் அத்தருமத்தின் பகுதியாகக் கொள்க. புலனடக்கமும் கொல்லாமையும் இரு வேறு விரதங்கள் அல்ல என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆகவே அன்பர்களே, ஓரறிவுயிர் என்னும் சொல்லை இழிவின் அளவாகக் கொள்ளாதிருப்போமாக. அந்த ஓரறிவு ஒளியை நோக்கி வளைகிறது; உப்புக்குத் தற்காப்புத் தேடுகிறது; துணையை அழைக்கிறது; பட்டினிக்குச் சேமிக்கிறது. அதன் உள்ளே துய்ப்பவர் உண்டா என்பதை நுண்ணோக்காடி நமக்குச் சொல்லாது. நம் கையிலுள்ளது ஒன்றே: எவ்வுயிரையும் வீணே அழைத்துக் கொல்லாதிருத்தல். இவ்வாண்டு சாதுர்மாசம் தொடங்குமுன் ஒவ்வோர் இல்லத்திலும் கூரையின் ஒழுக்கையும், குழாயின் கசிவையும், பண்டப் பாத்திரத்தின் மூடியையும் ஒருமுறை நோக்குங்கள். நாம் செய்யவேண்டிய ஜீவதயையின் முதற்பணி அங்கே காத்திருக்கிறது.

அறம் வளர்க.